குளிரலைக் கொடியும் வெட்டவெளிப் பள்ளிகளும்: 1888 ஜனவரி 12 பனிப்புயலும் வட்டார வானிலை முன்னறிவிப்பின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

1888 ஜனவரி 12 அன்று வட அமெரிக்கப் பெருஞ்சமவெளியைத் தாக்கிய பனிப்புயலில் இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பள்ளிச் சிறார் பலர். எச்சரிக்கையே விடுக்கப்படவில்லை என்று சிலரும், விடுக்கப்பட்ட எச்சரிக்கையை மக்கள் பொருட்படுத்தவில்லை என்று வேறு சிலரும் அந்நிகழ்வுக்கு விளக்கம் கூறுவதுண்டு. இரண்டும் உண்மையின் பாதியையே தொடுகின்றன. துறைமுகங்களுக்காக வடிவமைக்கப்பட்ட எச்சரிக்கை முறை, துறைமுகம் போன்ற பொதுவிடம் எதுவுமற்ற ஒரு நிலப்பரப்புக்கு அப்படியே கொண்டுசெல்லப்பட்டதில் சிக்கலின் வேர் உள்ளது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: முன்னறிவிப்பு, குளிரலை, சமிக்ஞைப் படைப்பிரிவு, டகோட்டா, பனிப்புயல், வட்டாரம்

முன்னுரை

வானிலை முன்னறிவிப்பின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அழுத்தமானி, தந்தி, வானொலி, செயற்கைக்கோள், கணிப்பொறி என அது படிப்படியாக மேலேறிச் செல்கிறது. இவ்வரிசையில் முன்னறிவிப்பைக் கேட்க வேண்டிய மனிதர் இடம்பெறுவதில்லை. ஒரு முன்னறிவிப்பு சரியா தவறா என்று வினவுவது அறிவியலாளரின் வேலை. அது யாருக்காக, எந்த நிலப்பரப்புக்கு, எந்த நேரத்துக்குள், எந்தச் சொற்களில் வழங்கப்பட்டது என்று வினவுவது வரலாற்றாசிரியரின் வேலை. ஏறத்தாழச் சரியாகவே இருந்தும் உயிர்களைக் காக்காத ஒரு முன்னறிவிப்பை எடுத்துக்கொண்டால் இவ்விரு வினாக்களுக்கும் இடையிலான தொலைவு புலப்படும். 1888 ஜனவரிப் பனிப்புயல் அத்தகையதொரு சான்று.

கடலுக்காகப் பிறந்த நிறுவனம்

அமெரிக்காவில் நாள்தோறும் வானிலை முன்னறிவிப்பு வழங்கும் முயற்சியைச் சின்சினாட்டி வானாய்வகத்தின் இயக்குநர் கிளீவ்லண்ட் ஆபி 1869 செப்டம்பரில் தொடங்கினார். மறு ஆண்டே அது அரசுப் பணியாயிற்று. பேரேரிகளில் ஆண்டுதோறும் நேர்ந்த கப்பல் சேதங்களைத் தொகுத்துக் காட்டிய மில்வாக்கி அறிஞர் இன்கிரீஸ் லாபமின் வற்புறுத்தலும், நாடாளுமன்ற உறுப்பினர் ஹால்பர்ட் பெய்னின் முயற்சியும் இதற்குப் பின்னணியாக அமைந்தன. 1870 பிப்ரவரி 9 அன்று குடியரசுத் தலைவர் கிராண்ட் ஒப்பமிட்ட தீர்மானம் இப்பணியைப் படைத்துறையிடம் ஒப்படைத்தது. அத்துறையின் சமிக்ஞைப் படைப்பிரிவு அதே ஆண்டு நவம்பர் 1 அன்று 24 நிலையங்களிலிருந்து ஒரே நேரத்தில் எடுத்த அளவீடுகளைத் தந்தி வழியாகத் திரட்டத் தொடங்கியது.

அத்தீர்மானத்தின் நோக்கம் இங்குக் கவனிக்கத்தக்கது. நாட்டின் உட்பகுதியில் உள்ள படைநிலையங்களில் வானிலையை நோக்குதல், புயல் நெருங்குவதை வட ஏரிகளிலும் கடற்கரையிலும் அறிவித்தல் என்பனவே அதன் இரு கூறுகள். உள்நாடு அளவீடு தரும் இடமாகவும் கரை அறிவிப்புப் பெறும் இடமாகவும் இருந்தன. இப்பணியை வேளாண்மைக்கும் வணிகத்துக்கும் விரிவாக்கும் சட்டம் 1872இல் வந்தது. ஆயினும் நிறுவனத்தின் எலும்புக்கூடு மாறவில்லை. கம்பத்தில் கொடியேற்றினால் துறைமுகத்தில் உள்ளவர் அனைவரும் காண்பர் என்ற எண்ணமே அதன் செயல்முறைகள் அனைத்திலும் படிந்திருந்தது.

இவ்வறிக்கைகளுக்குச் சூட்டப்பட்ட பெயர்களும் ஒரு வரலாற்றைச் சொல்கின்றன. தொடக்கத்தில் ‘நிகழக்கூடியவை’ என்னும் பொருள்படும் சொல்லால் அவை வழங்கப்பட்டன. 1876இன் இறுதியில் அது ‘அறிகுறிகள்’ என்னும் பொருளுடைய சொல்லாக மாறியது. 1889இல்தான் ‘முன்னறிவிப்பு’ என்ற பெயர் அலுவல்முறையில் நிலைபெற்றது. ஆக, 1888இல் குடியேறிகளுக்குக் கிடைத்தவை ‘அறிகுறிகள்’ மட்டுமே. தன் கூற்றுக்கு எந்த அளவு உறுதி தரலாம் என்பதில் அந்நிறுவனத்துக்கு இருந்த தயக்கம் இச்சொல்லில் தெரிகிறது. அத்தயக்கம் நேர்மையானது. ஆனால் காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று முடிவெடுக்க வேண்டிய தாய்க்கு அதனால் பயனில்லை.

செயின்ட் பால் அலுவலகம்

அன்று முன்னறிவிப்புகள் பெரும்பாலும் வாஷிங்டனிலிருந்தே வெளியாயின. வடமேற்கில் தோன்றும் வானிலை அங்குள்ள மக்களை அடைவதற்கு முன் செய்தி கிழக்குக் கோடிக்குச் சென்று, வரைபடமாகி, சொற்களாகித் திரும்ப வேண்டியிருந்தது. இச்சுற்றைக் குறைக்கும் பொருட்டு, மின்னசோட்டாவின் தலைநகராகிய செயின்ட் பாலில் 1887 இலையுதிர் காலத்தில் ஒரு வட்டார அலுவலகம் திறக்கப்பட்டது. லெப்டினன்ட் தாமஸ் மேஹியூ உட்ரஃப் அதன் பொறுப்பாளர். அப்போது சமிக்ஞைப் படைப்பிரிவின் தலைமையில் இருந்தவர் அடால்பஸ் கிரீலி. 1881 முதல் 1884 வரை வடதுருவப் பகுதியில் ஆய்வுக்குச் சென்று, உடன் சென்றவர்களுள் பெரும்பாலோரைப் பசிக்கும் குளிருக்கும் பறிகொடுத்து மீண்டவர் அவர். குளிரின் கொடுமையை உடலால் அறிந்த ஒருவரின் தலைமையில் இது நிகழ்ந்தது என்பது வரலாற்றின் கசப்புகளுள் ஒன்று.

அலுவலக நடைமுறை இது: நாளொன்றுக்கு மூன்று முறை நிலையங்கள் அழுத்தம், வெப்பநிலை, காற்று, முகில் ஆகியவற்றை அளந்து, சங்கேதச் சொற்களில் சுருக்கித் தந்தியடிக்கும். அவற்றைக் கொண்டு வரைபடத்தில் சமஅழுத்தக் கோடுகளும் சமவெப்பக் கோடுகளும் வரையப்படும். இரவு அளவீட்டின் அடிப்படையில் நள்ளிரவுக்குப் பின் அடுத்த நாளுக்கான அறிகுறிகள் எழுதப்படும். அடுத்த அளவீடு காலையில்தான். இடைப்பட்ட நேரத்தில் வானம் என்ன செய்தாலும் வரைபடத்துக்குத் தெரியாது. வடமேற்கே மொன்டானாவில் ஹெலினா, அசினிபாயின் கோட்டை போன்ற சில புறநிலையங்களே குளிரின் வாயிற்காவலர்களாக இருந்தன. அவற்றுக்கிடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அளவுக்கு எவரும் எதையும் அளக்கவில்லை.

ஜனவரி 12

அவ்வாண்டு ஜனவரியின் முதல் வாரத்தில் பனி பெய்தது. தொடர்ந்து சில நாள்கள் கடுங்குளிர் நிலவியது. நெப்ராஸ்காவின் ஒமாகாவில் 11ஆம் நாள் காலை 7 மணிக்கு வெப்பநிலை பாரன்ஹீட் அளவில் சுழிக்குக் கீழ் 6 பாகை. மறுநாள் வியாழக்கிழமை அதே வேளையில் அது சுழிக்கு மேல் 28 பாகையாக உயர்ந்திருந்தது. நீரின் உறைநிலையாகிய 32 பாகைக்கு அதுவும் கீழானதே. எனினும் பல நாள்களாக வீட்டுக்குள் அடைபட்டிருந்தவர்களுக்கு அது இளவேனிலாகவே தோன்றியது. ஆடவர் கால்நடைகளை நீருக்கும் தீவனத்துக்கும் வெளியே ஓட்டிச் சென்றனர். தடித்த மேலாடையின்றிப் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர்.

அந்த இதமான காலை, வரவிருந்த புயலின் பகுதியே. ஆல்பர்ட்டாவிலிருந்து தென்கிழக்காக இறங்கி வலுப்பெற்ற காற்றழுத்தத் தாழ்வு, தன் முன்பக்கத்தில் தெற்கின் வெப்பக்காற்றை இழுத்துக்கொண்டது. அதன் பின்பக்கத்தில் துருவப் பகுதியின் அடர்ந்த குளிர்க்காற்று காத்திருந்தது. இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லை மிகக் குறுகியதாகவும் விரைந்து நகர்வதாகவும் இருந்தது. அவ்வெல்லையை இன்று ‘குளிர் வளிமுகப்பு’ என்கிறோம். அக்கருத்தை நார்வேயின் பெர்கன் நகர ஆய்வாளர்கள் வகுத்தது முதல் உலகப் போரின் இறுதியில்தான். உட்ரஃபின் காலத்து வரைபடத்தில் தாழ்வழுத்தம் உண்டு, உயரழுத்தம் உண்டு, அவற்றுக்கிடையே நெருங்கிய கோடுகளும் உண்டு. ஆனால் சில மணித்துளிகளில் உலகை மாற்றிவிடும் ஒரு விளிம்பைக் குறிக்கக் கோடும் இல்லை, சொல்லும் இல்லை. குளிரலை என்பது ஓரிரு நாள்களில் படிப்படியாகப் பரவும் ஒன்றாகவே கருதப்பட்டது.

நள்ளிரவுக்குப் பின் உட்ரஃப் எழுதிய அறிகுறிகளின் சாரம் இது: மின்னசோட்டாவிலும் டகோட்டாவிலும் பனி பெய்யும், வெப்பம் கூடும், டகோட்டாவின் மேற்குப் பகுதியில் அதன்பின் குளிர் தொடரும், காற்று பனியை வாரிக் குவிக்கும், பிற்பகலிலும் இரவிலும் காற்று வலுத்த குளிர் வாடையாகத் திரும்பும். குளிரலைக்கான கொடியை ஏற்றும் ஆணை நள்ளிரவில் பிறப்பிக்கப்படவில்லை. காலை அளவீடுகள் வந்து, பகல் ஏறிய பிறகே அது தந்தியில் சென்றது.

புயலோ விடியலுக்கு முன்பே மொன்டானாவைக் கடந்திருந்தது. கிழக்கு டகோட்டாவை முற்பகலின் இறுதியிலும் நண்பகலை ஒட்டியும் எட்டியது. நெப்ராஸ்காவின் லிங்கன் நகரை அடைந்தபோது பிற்பகல் 3 மணி. பல பள்ளிகளில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும் நேரம் அது. இறங்கிய பனி செதில்களாக விழவில்லை. அரைத்த மாவுபோல் நுண்ணிய தூளாகக் கண்ணையும் மூச்சையும் அடைத்தது. நீட்டிய கை தெரியவில்லை என்பது தப்பியோர் பலரும் கூறிய செய்தி. மறுநாள் விடியலில் பல இடங்களில் வெப்பநிலை சுழிக்குக் கீழ் 20 பாகைக்கும் கீழே சென்றிருந்தது.

உயிரிழந்தோர் 235 பேர் என்ற கணக்கே பெரிதும் எடுத்தாளப்படுகிறது. உறைந்த உறுப்புகள் அகற்றப்பட்டுப் பின்னர் இறந்தோரையும், பதிவு பெறாத தொலைவிடங்களில் மாண்டோரையும் சேர்த்தால் எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

பனி என்னும் சொல்

இவ்விடத்தில் மொழி சார்ந்த ஒரு குறிப்பு தேவை. இந்நிகழ்வைத் தமிழில் எழுத முற்படுவோர் முதலில் இடறுவது ‘பனி’ என்ற சொல்லில்தான். முன்பனி, பின்பனி எனப் பெரும்பொழுதுகளை வகுத்த மரபில் பனி என்பது புல்நுனியில் நிற்கும் துளி, விடியலின் மூடுபனி, உடலை நடுக்கும் ஈரக்குளிர் ஆகிய அனைத்தையும் தழுவியது. வானிலிருந்து விழும் வெண்பனியும் தரையிலிருந்து காற்று வாரியெடுக்கும் பனித்தூளும் இச்சொல்லுக்கு அயலானவை. மார்கழியும் தையும் கூடும் அந்த நாள் நம் கணக்கில் முன்பனிக்காலம். அதே நாளில் டகோட்டாவில் நிகழ்ந்ததையும் ‘பனி’ என்றே நாம் எழுத வேண்டியுள்ளது.

ஆனால் இவ்விடர்ப்பாடு தமிழுக்கு மட்டும் உரியதன்று. ‘பிளிசார்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லே 1870களில்தான் அயோவா மாநிலச் செய்தித்தாள்கள் வழியாகப் பனிப்புயலைக் குறிக்கத் தொடங்கியது. அதற்குமுன் அது பலத்த அடியை, வெடியைக் குறித்த பேச்சுவழக்குச் சொல். சமவெளியின் இயற்கை, அங்குக் குடியேறியோரின் மொழியையும் திணறடித்தது. அரசின் அறிகுறிகளோ இப்புதுச்சொல்லை ஏற்காமல் ‘பனி’, ‘குவியும்’, ‘குளிரலை’ எனத் தனித்தனிக் கூறுகளாகவே பேசின. குளிரலை என்பது இத்தனை மணி நேரத்தில் இத்தனை பாகை வீழ்ச்சி என்று வரையறுக்கப்பட்ட கலைச்சொல். அதில் பார்வை மறைவதும் வழி தொலைவதும் அடங்கா. கொன்றது இவை அனைத்தும் ஒரே கணத்தில் கூடியதே. அக்கூட்டைக் குறிக்கும் சொல் குடியானவரின் வாயில் இருந்தது, அலுவலரின் தாளில் இல்லை. முன்னறிவிப்பின் குறைகளுள் இதையே முதன்மையானதாகக் கருதுகிறேன்.

கொடி எட்டிய தொலைவு

அக்காலக் கொடி முறை எளியது. வெள்ளைக்கொடி தெளிந்த வானத்தையும் நீலக்கொடி மழை அல்லது பனியையும் குறித்தன. கருநிற முக்கோணக் கொடி பிற கொடிகளுக்கு மேலே பறந்தால் வெப்பம் கூடும், கீழே பறந்தால் குறையும். வெள்ளைக்கொடியின் நடுவில் கருஞ்சதுரம் இருந்தால் குளிரலை. தந்தி நிலையம் உள்ள ஊர்களில் இவை உயரமான கட்டடங்களின் மேல் ஏற்றப்பட்டன.

கடலூர், நாகப்பட்டினம் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுவதைக் கண்டவர்கள் இம்முறையின் தருக்கத்தை உடனே உணர்வர். மீனவர் கடலுக்குச் செல்லும் வழி கரையில் கூடுகிறது. ஆகவே கரையில் நிற்கும் ஒரு குறி பல நூறு பேரைத் தடுக்கும். டகோட்டாவின் நிலை இதற்கு நேர்மாறானது. 1862இன் குடியேற்ற நிலச்சட்டம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 160 ஏக்கர் வழங்கியது. அந்நிலத்திலேயே வீடு கட்டி வாழ வேண்டும் என்பது நிபந்தனை. எனவே ஊராகக் கூடி வாழ்வதற்குச் சட்டமே தடையாயிற்று. நார்வே, ஜெர்மனி, உருசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் புல்வேரோடிய மண்கட்டிகளால் கட்டிய வீடுகளில் ஒருவரையொருவர் எட்டாத் தொலைவில் வாழ்ந்தனர். பள்ளிகளும் அவ்வாறே வெட்டவெளியில் நின்ற ஓரறைக் கட்டடங்கள். மரமில்லை, பல இடங்களில் வேலியும் இல்லை. எங்கும் கூடாத மக்களுக்கு எங்கோ ஒரு கம்பத்தில் ஏறிய கொடி எப்படித் தெரியும்?

பரப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அன்றைய டகோட்டா ஆட்சிப்பகுதி இன்றைய வட, தென் டகோட்டா மாநிலங்கள் இரண்டையும் உள்ளடக்கியது. அது தமிழ்நாட்டைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அத்தனை நிலத்துக்கும் ஓரிரு வாக்கியங்களே அறிகுறியாக வழங்கப்பட்டன. ‘மேற்குப் பகுதியில்’ என்ற தொடர் அதில் இருந்த ஒரே உட்பிரிவு. நேரமும் அவ்வாறே. ‘பிற்பகலிலும் இரவிலும்’ என்பது தவறன்று. ஆனால் காலை 11 மணிக்கும் பிற்பகல் 4 மணிக்கும் இடையே உயிரும் சாவும் பிரிந்த ஒரு நாளில் அச்சொற்கள் எதையும் பிரித்துக் காட்டவில்லை. செயின்ட் பாலில் அலுவலகம் திறந்ததால் முன்னறிவிப்பு வட்டாரத்துக்கு அருகில் வந்ததே தவிர, வட்டாரத்துக்குரியதாக மாறவில்லை.

மாற்றுக்கருத்து ஒன்று எழலாம். நள்ளிரவிலேயே குளிரலைக் கொடிக்கு ஆணை சென்றிருந்தால் பலர் பிழைத்திருப்பரல்லவா? இரயில் நிலையங்களை ஒட்டி வாழ்ந்த சிலர் பிழைத்திருக்கக்கூடும். அதற்கு மேல் சொல்ல இயலாது. உட்ரஃப் ஒருவர் மேல் பழி சுமத்தும் எழுத்துகளில் எனக்கு உடன்பாடில்லை. அவருடைய கணிப்பு அக்கால அறிவின் எல்லைக்குள் பெரிதும் சரியே.

நினைவு யாரைப் பற்றியது

புயலுக்குப் பிந்தைய வாரங்களில் செய்தித்தாள்கள் ஆசிரியைகளைப் பற்றியே எழுதின. நெப்ராஸ்காவின் மைரா பள்ளத்தாக்கில் கூரை பறந்த பள்ளியிலிருந்து மாணவர்களைப் பாதுகாப்பாக ஒரு பண்ணைவீட்டுக்கு அழைத்துச் சென்ற மின்னி ஃப்ரீமன் நாடறிந்த வீராங்கனையானார். அவரைப் பற்றிப் பாட்டும் இயற்றப்பட்டது. பிளெய்ன்வியூவை அடுத்த பள்ளியின் லோயிஸ் ராய்ஸ், விறகு தீர்ந்ததால் மூன்று பிள்ளைகளுடன் சில நூறு அடி தொலைவில் இருந்த வீட்டுக்குப் புறப்பட்டு வழி தவறினார். மூவரும் அவர் அருகிலேயே இறந்தனர். அவர் கால்களை இழந்தார். எட்டா ஷட்டக் என்னும் இளம் ஆசிரியை வைக்கோற்போரில் மூன்று நாள் புதைந்து கிடந்து மீட்கப்பட்டும் பிழைக்கவில்லை. ‘ஒமாகா பீ’ நாளிதழ் இவர்களுக்காக நிதி திரட்டியது.

இவ்வெழுத்துகளின் இரக்கம் உண்மையானதே. ஆனால் அவை பேரிடரைத் தனிமனிதர் தீரமாகவும் தனிமனிதர் ஊழாகவும் மாற்றின. இருபது வயதுக்கும் குறைந்த பெண்கள் பலர், எவ்விதச் செய்தியும் கிட்டாத நிலையில், ‘இங்கேயே இருப்பதா, வெளியேறுவதா’ என்று தாமே முடிவெடுக்க நேர்ந்தது ஏன் என்ற வினா பின்னுக்குத் தள்ளப்பட்டது. மின்னி ஃப்ரீமனும் லோயிஸ் ராய்ஸும் எடுத்தது ஒரே முடிவுதான். ஒருவர் வீட்டை அடைந்தார், மற்றவர் அடையவில்லை.

1940இல் தப்பியோர் லிங்கன் நகரில் கூடிச் சங்கம் அமைத்தனர். அவர்களின் நினைவுக்குறிப்புகள் 1947இல் நூலாயின. டேவிட் லாஸ்கின் 2004இல் வெளியிட்ட விரிவான நூலே செயின்ட் பால் அலுவலகத்தையும் பண்ணைவீடுகளையும் ஒரே கதையில் இணைத்தது. அதற்குள் 116 ஆண்டுகள் கடந்திருந்தன.

பின்விளைவு

1891 ஜூலை 1 அன்று வானிலைப் பணி படைத்துறையிடமிருந்து வேளாண்துறைக்கு மாறியது. 1888இன் சாவுகளே இம்மாற்றத்துக்குக் காரணம் என்று முடிவு கட்டுவது எளிது, ஆனால் பொருந்தாது. நிதியலுவலர் ஹென்றி ஹௌகேட்டின் பெருங்கையாடல் 1881இலேயே வெளிப்பட்டு அமைப்பின் பெயரைக் கெடுத்திருந்தது. 1884 முதல் 1886 வரை நாடாளுமன்றத்தின் ஆலிசன் ஆணையம் இப்பணியைக் குடியியல் துறைக்கு மாற்றலாமா என விவாதித்தது. ஆக, மாற்றத்தின் விதை புயலுக்கு முந்தியது. புதிய பணியகமும் நெடுங்காலம் கொடிகளையும் தந்தியையுமே நம்பியிருந்தது. வெட்டவெளி வீடுகளுக்குச் செய்தி நேரடியாகச் சென்றது கிராமத் தொலைபேசியும் பின்னர் வானொலியும் பரவிய பிறகுதான்.

பரப்பைச் சுருக்குவது அதைவிடக் காலம் எடுத்தது. திடீரெனப் பார்வையை மறைக்கும் குறுகிய பனிச்சூறைகளுக்கென அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை தனி எச்சரிக்கை ஒன்றை 2018இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மாநிலத்தின் பெயராலோ மாவட்டத்தின் பெயராலோ அன்றி, வரைபடத்தில் சூறை செல்லும் தடத்தைச் சுற்றி வரையப்படும் பலகோணத்தால் அதன் எல்லை குறிக்கப்படுகிறது. அது செல்லுபடியாகும் நேரம் ஒரு மணிக்கு மேற்படுவது அரிது. அப்பலகோணத்துக்குள் உள்ளோரின் கைப்பேசிக்கு அச்செய்தி நேராகச் செல்கிறது.